சிவப்புக் கோடு போட்ட மாத்திரை

"இன்னாம்மா இது? மாத்திரை விக்கிறியா, ரேஷன் போடுறியா?"

ஜெயவேல் போட்ட சத்தத்தில் மெடிக்கல் ஷாப் வாசலில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கடைக்கார ஹஃப்சா அசரவில்லை. அட்டையிலிருந்து ஒரே ஒரு தூக்க மாத்திரையைக் கத்தரித்து வைத்தாள்.

"டாக்டரு சீட்டுல ஒரு மாசத்துக்கு எழுதிக் குடுத்துகிறாருல்ல?"

"இது கண்ட்ரோல் மாத்திரை நைனா. அட்டையில செவப்புக் கோடு பாருங்க. ஒரு நாளைக்கு ஒண்ணுதான். சட்டம்னா சட்டந்தான்."

ஜெயவேல் ஹார்பரில் கிரேன் ஓட்டி ஓய்ந்தவர். சம்சாரம் போனதிலிருந்து எர்ணாவூர் குடியிருப்பின் மூணாவது மாடியில் ஒண்டிக்கட்டை. விடிஞ்சதிலிருந்து பேச ஆளில்லாத தொண்டை, துருப்பிடிச்ச சங்கிலி மாதிரி கிடக்கும். சாயங்காலம் இந்தக் கடையில் சண்டை போடும்போதுதான் அசையும். முட்டிவலியோடு தினமும் மாடி இறங்கணுமே என்கிற எரிச்சல் வேறு.

மறுநாள் அவருக்கு முன்னால் கீழ் வீட்டு ஜெபசிங் நின்றிருந்தார். அதே மாத்திரை. அதே சிவப்புக் கோடு. ஹஃப்சா சீட்டைப் படித்துப் பதிந்துகொண்டு, முழு அட்டையாக எடுத்து நீட்டினாள். அவர் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஜெயவேலுக்குச் சுர்ரென்று ஏறியது.

"அந்தாளுக்கு அட்டை, எனக்குப் பிச்சையா? என்னப் பாத்தா போதைக்கு வாங்குறவன் மாதிரி கீதா?"

"சத்தம் போடாதீங்க நைனா."

"இன்னா பேஜாரு இது! ஒண்ணொண்ணாத்தான் தரணும்னு எந்தச் சட்டத்துல கீது? காட்டு!"

ஹஃப்சா இன்னொரு முழு அட்டையை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

"சீட்டு இல்லாம தரக்கூடாது. அதான் சட்டம். ஒண்ணொண்ணாத் தரணும்னு எங்கயும் இல்ல. எடுத்துக்குங்க."

"அப்ப இவ்ளோ நாளா?"

அவள் குரல் இறங்கியது.

"ஜெபசிங் அண்ணன் காலைல எழுந்திருக்கலன்னா எழுப்பிப் பாக்க வூட்ல அண்ணி கீறாங்க. உங்களுக்கு? சாயங்காலம் நீங்க கடைக்கு வரலன்னா, நானாச்சும் வந்து கதவத் தட்டுவேன்ல?"

ஜெயவேல் அந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பெருசு, வாங்கினா நகரு!" என்று பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள்.

அவர் அட்டையை மெல்ல அவள் பக்கமே தள்ளினார்.

"ஒண்ணு மட்டும் வெட்டிக் குடும்மா. சட்டம்னா சட்டந்தான்."