ஏ.சி. ரூம் கம்ப்யூட்டர்

கம்ப்யூட்டர் மறுபடியும் அணைந்துவிட்டது. அந்த வாரத்தில் ஐந்தாவது தடவை.

"போச்சுப்பா! ஃபிளாப்பியில ஏத்திக்கினு இருக்கும்போதே போச்சு. ரெண்டு நாள் வேலை!" என்று கத்தினாள் காந்திமதி.

வயலில் மோட்டாரைப் போட்டுவிட்டு அப்போதுதான் வீட்டுக்குள் நுழைந்தார் அவள் அப்பா சீனுவாசன்.

"சிங்கப்பூர்லருந்து உன் மாமன் குடுத்தனுப்பினது. தானமா வந்த மாட்டுக்குப் பல்லு எப்படி இருக்கும்?"

சீனுவாசனுக்கு யாரையும் பிடிக்காது. அதை ஒரு தகுதியாக நினைத்துக்கொண்டிருந்தார்.

எண்பத்தெட்டில் கோலியனூரில் கம்ப்யூட்டர் இருந்த ஒரே வீடு அது. ஏ.சி. இல்லாவிட்டால் கெட்டுவிடும் என்று யாரோ சொன்னார்கள். கோடையில் அந்த அறைக்கு ஏ.சி.யும் வந்தது. செருப்போடு எவனும் உள்ளே போக முடியாது.

திங்கட்கிழமை காந்திமதி பாண்டிச்சேரிக்குப் போயாக வேண்டும். ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பதிவு செய்ய அவள் எழுதிய புரோகிராமை ஒரு கம்பெனியில் ஓட்டிக் காட்ட வேண்டும். ஓடினால் வேலை. ஓடாவிட்டால் அப்பா பார்த்து வைத்திருக்கிற உரக்கடை மாப்பிள்ளை.

பாண்டிச்சேரியிலிருந்து இன்ஜினியர் தேவசகாயம் பஸ்ஸில் வந்தார். மூடியைக் கழற்றினார். மெமரி சிப்புகளைப் பிடுங்கித் துடைத்துச் சொருகினார். அரை மணி நேரம் நன்றாக ஓடியது.

"இரும்மா, மல்லாட்டைச் செடிக்குத் தண்ணி விட்டுட்டு வந்துடறேன்" என்று சீனுவாசன் மோட்டார் கொட்டகைக்குப் போனார். தேவசகாயம் டீயை வாயில் வைப்பதற்குள் அணைந்தது.

மறுநாள் பவர் சப்ளையை மாற்றினார். 256 கே மெமரியை 640 கே ஆக்கினார். புது ஸ்டெபிலைசர் வைத்தார். மத்தியானம் அணைந்தது.

"நீங்க படிச்சது கம்ப்யூட்டருக்கா, கறவை மாட்டுக்கா?" என்றார் சீனுவாசன்.

"மெஷின்ல கோளாறு இல்ல சார். திடீர்னு வோல்டேஜ் விழுது. ஸ்டெபிலைசரே தாங்கலை. லைன் எப்படி வருதுன்னு பார்க்கணும்."

"அதெல்லாம் நீங்க பார்க்க வேணாம்." சீனுவாசன் குரல் உயர்ந்தது. "யாரு வேலைன்னு எனக்குத் தெரியும். லைன்மேன் பச்சைமுத்து. தீபாவளி இனாமுக்கு வந்து நின்னான், துரத்தி விட்டேன். அந்தக் கடுப்புல கம்பத்துல என்னமோ பண்ணிக்கினு இருக்கான். திருட்டுப் பய!"

"தெரியாம ஒருத்தரைச் சொல்லாதீங்கப்பா."

"நீ உன் பொட்டியைப் பாரு."

அன்றைக்கே விழுப்புரம் போய் மின்வாரிய ஆபீசில் இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தார். நாட்டில் நேர்மை செத்துவிட்டது என்பது முதல் வரி.

சனிக்கிழமை அவர் திண்டிவனத்துக்கு ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தபோது பச்சைமுத்து சைக்கிளில் வந்தார். தோளில் கயிறு. சட்டைப் பையில் சீனுவாசன் எழுதிக் கொடுத்த புகார்.

"இதுக்கு நான் பதில் எழுதிக் குடுக்கணும்மா. இன்னா பிரச்சினை, சொல்லு."

சொன்னாள். அவர் கேட்காமலே திங்கட்கிழமை விஷயத்தையும் காந்திமதி சொன்னாள். சொல்லும்போது அழுதுவிட்டாள்.

"அட, அழுவாத. பார்க்கறேன்."

கம்பத்தில் ஏறினார். இறங்கினார். வீட்டை ஒரு சுற்று சுற்றினார். ஒரு மணி நேரம் கழித்து ஜன்னலில் தலை தெரிந்தது.

"கம்பத்துல லூஸும்மா. முடுக்கிட்டேன். இனிமே அணையாது. ஜல்தியா வேலையை முடி."

அணையவில்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க மோட்டார் ஓடியது. கம்ப்யூட்டரும் ஓடியது. திங்கட்கிழமை பாண்டிச்சேரியில் புரோகிராமும் ஓடியது. வேலை கிடைத்தது.

"மெமரியும் இல்ல, இன்ஜினியரும் இல்ல. ஒரே ஒரு பேப்பர் எழுதிப் போட்டேன். எல்லாம் அடங்கிப் போச்சு" என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னார் சீனுவாசன்.

இரண்டு வாரம் கழித்து இன்னும் குஷியாக வந்தார்.

"சேதி தெரியுமா? பச்சைமுத்துவைக் கிளியனூருக்குத் தூக்கி அடிச்சுட்டாங்க. கம்பத்தைச் சரியாப் பார்க்காதது என் தப்புன்னு அவனே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கான். பார்த்தியா, தானே ஒத்துக்கினான்!"

காந்திமதி எழுந்தாள். ஏ.சி. ரூமுக்குப் பின்னால் போய், ஜன்னல் கம்பியில் சுருட்டி மாட்டியிருந்த கறுப்பு வயரை எடுத்து வந்து அவர் முன்னால் போட்டாள்.

"வீட்டு மீட்டர் ஓடாம ஏ.சி. ஓடணும்னு, மீட்டரே இல்லாத மோட்டார் கொட்டகையிலருந்து இதை இழுத்தது யாருப்பா? கம்ப்யூட்டரும் இதுலதான் ஓடிச்சு. நீங்க மோட்டாரைப் போடறப்பல்லாம் அணைஞ்சிது."

சீனுவாசன் வாசல் பக்கம் பார்த்தார்.

"மெதுவாப் பேசு. யாருக்கெல்லாம் தெரியும்?"

"இதைப் பிடுங்கிட்டு ரூம் லைனை மீட்டர்ல சேர்த்தவருக்குத் தெரியும். நேத்து பாண்டிச்சேரி பஸ் ஸ்டாண்டுல கிளியனூர் பஸ்ஸுக்கு நின்னுக்கினு இருந்தார். உள்ளதை எழுதாம ஏன் பழியை உங்க மேல போட்டுக்கினீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"உள்ளதை எழுதினா அன்னிக்கே உங்க வீட்டுக் கரண்டை வெட்டிட்டுப் போயிருப்பாங்க, திங்கக்கிழமைக்கு நீ இன்னாம்மா பண்ணியிருப்பேன்னு சொல்லிட்டு பஸ் ஏறிட்டார், பச்சைமுத்து."