பெட்டிக்குள் பிரகாசம்

கம்பம் திராட்சை ஆலையில் ஒயின் ருசி பார்த்துவந்த பிரகாசம் செத்து அன்றோடு ஒரு வருஷம். அவர் நாக்கும் மூக்கும் அறிந்ததையெல்லாம், குரலோடு சேர்த்து, ஆலைக்காரர்கள் அவர் சாவுக்கு முன்பே ஒரு பெட்டிக்குள் இறக்கி வைத்திருந்தார்கள். பெட்டிக்கு ஒயின் ஊற்றிக் கொடுக்கும் வேலை அவர் மனைவி பிலோமினாவுக்கு. ருசி கெடும் என்று அவளுக்குப் பூ, பவுடர், வாசனைச் சோப்பு எதுவும் ஆகாது. அவர் இருந்தபோது வீட்டிலும் அதுதான் சட்டம்.

முதலில் வெள்ளை ஒயினை ஊற்றினாள்.

"மாங்காப் பிஞ்சு. மழையில நனைஞ்ச கல்லு. நாக்குல நிக்காம ஓடுது," என்றது பெட்டி.

அடுத்து சிவப்பு.

"நாவப்பழம், கிராம்பு. கடைசியில லேசாத் துவர்ப்பு..." பெட்டி மறுபடி மோந்து பார்த்தது. "மெழுகுவத்தி. மல்லிகை. ஈர மண்ணு. பிலோ, கல்லறைக்கா போயிட்டு வர்றே?"

காலையில் அவர் கல்லறையில் மாலை சாத்திவிட்டு, நேரமாகிவிட்டதே என்று கைகூடக் கழுவாமல் ஓடி வந்திருந்தாள்.

"ஆமாங்க."

"யாரு செத்தா?"

அவள் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"ஒங்களுக்குத் தெரிஞ்சவருதாங்க."

"அடப்பாவமே!" என்றார் பிரகாசம். "எங்கிட்ட யாருமே சொல்லலையே!"