முதல் வகுப்பு உபசாரம்

“இதை மாடு குடிக்குமா?” என்று கேட்டுவிட்டு, தங்கை தங்கத்தாய் நீட்டிய சுக்குக் காப்பி டம்ளரைச் சுந்தரபாண்டியன் விரல் நுனியால் தள்ளினார். ஒரு சொட்டுகூட நாக்கில் படாமலே சொன்ன தீர்ப்பு அது.

அவர் குடிக்கவும் முடியாது. தங்கை வீட்டு ஆட்கள் கையால் பச்சைத் தண்ணீர் வாங்கிக் குடித்தாலும் அன்றைக்கே பகை தீர்ந்தது என்று, பண்பொழி மலைக் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தவர்.

பகைக்குக் காரணம் ஒரு காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய பெண் பிள்ளையை, நல்ல நேரம் போகிறதென்று தங்கை புருஷன் அய்யாத்துரை தன் அண்ணன் மடியில் வைத்துக் காதைக் குத்திவிட்டார். சீர்த்தட்டோடு வடகரையிலிருந்து வந்த சுந்தரபாண்டியன் வண்டியை விட்டு இறங்காமலே திரும்பினார். அதற்கப்புறம் தென்காசியில் தங்கை வீட்டுத் தெருப் பக்கம் அவர் தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது அந்தப் பிள்ளைக்கே கல்யாணம். தாய்மாமன் இல்லாமல் முகூர்த்தம் நடந்தால் தங்கத்தாய் ஊரில் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. இரண்டு பக்கமும் வேண்டியவரான நெல்லையப்பன், சாரலுக்குக் குளிக்க வாருங்கள் என்று சொல்லி, குற்றாலத்தில் தான் சீசனுக்கு எடுத்திருந்த வீட்டுக்கு இரண்டு வீட்டுப் பெரியவர்களையும் வரவழைத்திருந்தார்.

அருவியில் குளித்தால் பித்தம் தெளியும் என்பார்கள். சுந்தரபாண்டியனுக்குக் குளித்த பிறகுதான் ஏறியது. தாய்மாமனை மதிக்காத வீட்டுக்குச் சீர் எதற்கு என்றார். பொம்பளப் பிள்ளையை மெட்ராஸுக்கு வேலைக்கு அனுப்பி அந்தச் சம்பளத்தில் சோறு தின்கிற வீடு என்றார். அது என்ன வேலையோ, யார் கண்டது என்றும் சேர்த்துக்கொண்டார்.

அய்யாத்துரை விருட்டென்று எழுந்தார். நெல்லையப்பன் அவர் தோள் துண்டைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

“உபசாரம்னா என்னன்னு இவனுக்குத் தெரியுமா வே? நான் சொல்லுதேன், கேளும்” என்று நெல்லையப்பனைப் பார்த்து ஆரம்பித்தார் சுந்தரபாண்டியன். டில்லி விவசாயக் கண்காட்சிக்கு ஏரோப்பிளேனில் முதல் வகுப்பில் போய் வந்ததிலிருந்து வடகரையில் அவர் காட்டில் மழைதான். கேட்காத காது அங்கே பாக்கியில்லை.

போகும்போது வாய்த்தது அய்யாத்துரை வீட்டு உபசாரம் மாதிரியே இருந்ததாம். காய்ந்த ரொட்டிக்கு நடுவில் ஆறிப்போன உருளைக்கிழங்கு. டீ என்ற பேரில் கழுநீர். தண்ணீர் கேட்டால் பெப்பர்மிண்ட் வந்தது. பரிமாறிய பெண் தட்டை வைத்த வேகத்தில் பாதி வெண்ணெய் அவர் வேட்டிக்குப் போனது. முதல் வகுப்பு என்று யார்தான் பேர் வைத்தார்களோ என்று அப்போதே வைதாராம்.

வரும்போது வாய்த்ததுதான் அசல் முதல் வகுப்பு. ஆவி பறக்கும் சோறு, பருப்பு, கெட்டித் தயிர். முள்கரண்டியோடு அவர் மல்லுக்கு நிற்பதைப் பார்த்துவிட்டு, அந்தப் பிளேனில் பரிமாறிய பெண் கேட்காமலே ஸ்பூன் கொண்டுவந்து வைத்தாள். காது அடைக்காமல் இருக்கப் பஞ்சு கொடுத்தாள். வயிற்றைப் புரட்டியபோது எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து, குடித்து முடிக்கும் வரை பக்கத்திலேயே நின்றாள். காப்பியைக்கூட ஆற்றித்தான் கொடுத்தாள்.

“தமிழ்ப் பிள்ளைதான். எந்த ஊரு, என்ன பேருன்னு கேட்டா, சொன்னேன். அதுக்குப் பெறகு ஒரு தடவைகூட என்னைய சார்னு கூப்பிடல வே. சுத்தி இருக்கவனெல்லாம் சாரு. எனக்கு மட்டும் வாய் பொத்தின மரியாதை. நம்ம பேரு எதுவரைக்கும் எட்டியிருக்கு, பாத்தேரா?”

நெல்லையப்பன் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டார். அய்யாத்துரை தன் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவரைத் தங்கத்தாய் கண்ணால் அடக்கினாள்.

“அதுக்குப் பேரு வளர்ப்பு. அந்தப் பிள்ளையப் பெத்தவளை நேர்ல பாத்தா கையெடுத்துக் கும்பிடுவேன். இங்கயும்தான் வளக்காங்க” என்று முடித்துத் துண்டை உதறித் தோளில் போட்டார். சீர் இல்லை, கல்யாணத்துக்கு வரவும் போவதில்லை என்பது அந்த உதறலிலேயே தெரிந்தது.

தங்கத்தாய் அப்போதுதான் பேசினாள்.

“அவ குடுத்ததை எல்லாம் சாப்பிட்டீங்களாண்ணே?”

“மிச்சம் வைப்பனாட்டீ? தயிரு ரெண்டு தரம் கேட்டு வாங்கில்லா சாப்பிட்டேன்.”

“கேட்டுக்கிட்டீங்களா?” என்றாள் அவள், நெல்லையப்பனைப் பார்த்து. அவர் கேட்டுக்கொண்டேன் என்று தலையாட்டினார்.

அவள் ஆறிப்போன காப்பியைக் கொல்லையில் கொட்டிவிட்டு, சூடாக இன்னொரு டம்ளர் கொண்டுவந்து அண்ணன் முன்னால் வைத்தாள். அவள் கண் நிறைந்திருந்தது. குரல் மட்டும் அசையவில்லை.

“மாமனைப் போயி எப்படிம்மா சார்னு கூப்பிடன்னு கேட்டா, அண்ணே, என் மக.”