சம்பளம் எழுதாத பயோடேட்டா

"நல்லா எழுதணும்னா முதல்ல படிக்கத் தெரியணுமாம்ப்பா. எழுதினது யாரு, ஆதாரம் என்ன, எதை மறைக்கறாங்கன்னு கேட்டுக் கேட்டுப் படிக்கணும்."

எம்.ஏ. வகுப்பில் கேட்டதை ஜீவிதா ஒரு வாரமாக வீட்டில் ஓதிக்கொண்டிருந்தாள். அதனால், கல்யாணத் தரகர் விஜயநகரில் இருந்த அவர்கள் வீட்டுக்கு வந்து ஒரு மாப்பிள்ளையின் பயோடேட்டாவைக் கொடுத்துவிட்டுப் போனதும், ஆறுமுகசாமி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மகளை எதிரே உட்காரவைத்தார்.

"'மகேந்திரன் சாமுண்டி மலை வளைவுகளில்கூட பைக்கை மெதுவாகத்தான் ஓட்டுவார்.' ஹௌதா, அப்படியா? ஆதாரம்?"

"பின்னாடி உட்கார்ந்து போனவங்க யாராவது சொல்லியிருப்பாங்க."

"'மழை வந்தால் தன் ஜெர்கினைக் கழற்றிக் கொடுத்துவிடுவார்.' யாருக்கும்மா?"

ஜீவிதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"'சிரித்தால் இடது கன்னத்தில் மட்டும் குழி விழும்.' இதைப் பெத்தவங்க எழுத மாட்டாங்க. அவங்க எழுதினா முதல் வரியே சம்பளமாத்தான் இருக்கும். இதுல அதையே காணோம். அப்ப, மறைக்கறது அதைத்தான்."

"கம்மிதான்ப்பா, ஆனா ஜூன்ல ஏத்திடுவாங்க" என்று பதறிச் சொன்ன ஜீவிதா, நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சமையலறையில் அம்மா சுலோசனா சிரித்த சிரிப்பில் கரண்டி கீழே விழுந்தது.

"தரகர்கிட்ட எழுதிக் கொடுத்தது யாருன்னும் தெரிஞ்சுபோச்சு" என்று ஆறுமுகசாமி தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "படிக்க நல்லாத்தான் சொல்லிக்கொடுத்திருக்க. எழுதத்தான் உனக்கு இன்னும் வரல. ஞாயித்துக்கிழமை மாப்பிள்ளையை வரச் சொல்லு. மிச்சத்தை நேர்லயே படிச்சுக்கறேன்."