மூன்று சிலிண்டர் நிம்மதி

குடும்ப நிம்மதியின் விலை எண்பதாயிரம் என்றார் கார் விற்பனையாளர். “அதைக் கூடப் போட்டா நாலு சிலிண்டர் வண்டி சார். எஞ்சின் ஓடுறதே தெரியாது.”

“மூணு சிலிண்டர்?” என்றார் ஓட்டுநர் இருக்கையில் இருந்த கணவர்.

“இரைச்சல் சார். பின்சீட்டுல பேசுறது முன்னாடி கேக்காது.”

கணவர் பின்சீட்டைப் பார்த்தார். ஓட்டிப் பார்க்க வண்டியில் ஏறியதிலிருந்து அங்கே மாமியார் வாய் ஓயவில்லை.

“மூணே போதும்!”

“பாதிப் பணம் அம்மாவோடது. அவங்க ஒத்துக்கணுமே?” என்றாள் மனைவி.

“மாப்பிள்ளை சொன்னா சரிதான்” என்றார் மாமியார், உடனே.

கணவருக்குக் குற்ற உணர்ச்சியே வந்துவிட்டது. இருந்தும் கையெழுத்துப் போட ஓடினார்.

மாமியார் மகளின் காதைக் கடித்தார். “இனிமே அவர் ஓட்டிக்கிட்டே பாடுறது பின்னாடி கேக்காதுடி!”

மாப்பிள்ளைக்கு லாபம், மாமியாருக்கும் லாபம். நஷ்டம் மொத்தமும், முன்சீட்டில் அந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் உட்காரப்போகும் மனைவியின் கணக்கில்.