பழைய துறைமுகத்தின் கடைசி பாட்டில்

வீடியோ கேமில் பழைய துறைமுகம் என்றொரு பேட்டை. அங்கே ஒளித்து வைத்திருக்கும் நீல பாட்டில்களை இரண்டு பேரும் சேர்ந்துதான் தேட வேண்டும் என்பது எனக்கும் என் கணவனுக்கும் ஒப்பந்தம். கடைசி பாட்டில் மட்டும் எங்களுக்குப் போக்குக் காட்டிக்கொண்டிருந்தது.

"கயித்துக்கார சந்துல மட்டும் தேடாத. நான் அலசிட்டேன், அங்க ஒண்ணுமே இல்ல," என்று சொல்லிவிட்டுத் துண்டோடு குளிக்கப் போனான்.

அவ்வளவு அழுத்திச் சொன்னதால்தான் கண்ட்ரோலரை எடுத்து அங்கே போனேன்.

சந்தின் கோடியில் ஒரு பச்சைக் கதவு. தள்ளியதும் திறந்துகொண்டது. சமையலறை அலமாரியில் நீல பாட்டில் இருந்தது. அதில் யாரோ தண்ணீர் ஊற்றிப் பூ செருகியிருந்தார்கள். அடுப்பின் முன்னால் நின்ற பெண் திரும்பாமலே கேட்டாள்.

"வந்துட்டியா, கோந்து?"

கோந்து என்பது நான் என் கணவனுக்கு வைத்த பெயர். உட்கார்ந்தால் நாற்காலியோடு ஒட்டிக்கொள்வான். அந்தப் பெயர் என் மாமியாருக்குக்கூடத் தெரியாது.

"இதோ வந்துட்டேன்மா!"

அவன் குரல் குளியலறையிலிருந்து கேட்டது. தண்ணீர்ச் சத்தம் நின்றது. எழுந்து போய்க் கதவைத் தள்ளினேன். உள்ளே யாரும் இல்லை. குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்தபோது திரையில் பச்சைக் கதவு மறுபடி திறந்தது. எங்கள் வீட்டுத் துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே அவன் உள்ளே வந்தான். வாசலிலேயே செருப்பைக் கழற்றி, குனிந்து, இரண்டையும் ஜோடி சேர்த்து ஓரமாக வைத்தான்.

கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டில் அவன் செருப்பு மூலைக்கொன்றாகத்தான் கிடக்கிறது.