வீட்டில் இருக்கும் மூக்கு

“இதுல எது வாடையைச் சுத்தமா வெளியே தள்ளும்?” என்று கேட்டார் பேருந்து ஓட்டுநர். “எனக்கில்லைங்க. வீட்ல ஒரு மூக்கு இருக்கு. நான் பெயின்ட் மூடியைத் திறந்தாலே அடுத்த ரூம்ல அதுக்குத் தலைவலி வந்துடும்.”

மாடல் வண்டிகள் விற்கும் கடைக்காரர் சிரித்தார். மேஜை மேல் மூன்று ஸ்ப்ரே பூத்கள் இருந்தன. மூன்றுமே ஒரு பக்கம் திறந்த பெட்டிகள்தான். உள்ளே ஒரு ஃபில்டர், அதற்குப் பின்னால் ஒரு ஃபேன்.

ஓட்டுநருக்கு எங்கேயாவது உட்கார்ந்தால் போதும் என்றிருந்தது. விடிகாலையில் பிடித்த ஸ்டியரிங்கை இப்போதுதான் விட்டிருந்தார். தோள்பட்டை இரண்டும் கழன்று விழுகிற மாதிரி வலித்தது. வீட்டுக்குப் போய் முடங்க வேண்டிய நேரத்தில் இப்படிக் கடை கடையாக ஏறி இறங்க வைத்துவிட்டாளே என்று மனைவி மேல் எரிச்சலாக வந்தது.

அவருக்கு இருந்த ஒரே ஆறுதல் வீட்டின் பின்னறை. அங்கே உட்கார்ந்து முழ நீளத்துக்குக்கூட வராத பேருந்துகளையும் லாரிகளையும் ஒட்டிச் சேர்த்து, ஏர்பிரஷ்ஷால் பெயின்ட் அடிப்பார். யாரும் ஓடிவந்து தொற்றாத, யாரும் திட்டிவிட்டு இறங்காத வண்டிகள். அதற்கும் நேற்று வேட்டு வைத்துவிட்டாள் மனைவி.

“இந்த வாடையை வெளியே அனுப்ப ஒரு வழி பண்ணுங்க. இல்லன்னா எல்லாத்தையும் மூட்டை கட்டுங்க” என்று கறாராகச் சொல்லிவிட்டுத் தங்கையோடு போனில் பேச உட்கார்ந்தாள். அவள் பேசப் பேச, அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருந்தது. பின்னறையிலிருந்து ஓடிப்போய் அணைத்தவர் இவர்தான். “பேச்சுல மறந்துட்டேன்” என்றாள், அடுப்படியை ஒட்டி உட்கார்ந்திருந்த மகராசி.

கடைக்காரர் முதல் பெட்டியைத் தட்டினார். “இதுக்குக் குழாய் கிடையாது. ஃபில்டர் பெயின்ட் தூளைப் பிடிச்சுக்கும். ஆனா வாடை ரூமுக்குள்ளயேதான் சுத்தும்.”

“அப்ப வேணாம். அந்த மூக்கு என்னைச் சும்மா விடாது.”

“இது மடக்கி வைக்கலாம், இடத்தை அடைக்காது. இழுவைதான் கம்மி. அதோட உங்க பஸ் நீளம்னா பாதி வெளியே நிக்கும்.”

மூன்றாவதுதான் பெரியது. பின்னால் தும்பிக்கை மாதிரி ஒரு குழாய். அதன் நுனியை ஜன்னலுக்கு வெளியே விட்டுவிட்டால் வாடை மொத்தமும் அந்த வழியே போய்விடும் என்றார் கடைக்காரர். ஃபேனைப் போட்டு ஒரு மெல்லிய காகிதத்தைக் காட்டினார். அது பறந்து போய் ஃபில்டரில் அப்பிக்கொண்டது.

“குழாயை மட்டும் நல்லா இறுக்கி மாட்டுங்க. கழண்டுக்கிச்சுன்னா அத்தனையும் வீட்டுக்குள்ளதான்.”

விலையைக் கேட்டதும் ஓட்டுநருக்கு இருமல் வந்துவிட்டது. அது அடங்கும்வரை கடைக்காரர் பொறுத்திருந்தார். “அப்படியே ஒரு மாஸ்க்கும் எடுத்துக்குங்களேன்” என்றார்.

“அட போங்க. எனக்காகன்னா இந்தப் பெட்டியையே தொட மாட்டேன்.”

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த பெட்டியைத்தான் பார்த்தாள். “வாங்கிட்டீங்களா?”

“வாங்கியாச்சு தாயே. இனிமேலாவது என்னை நிம்மதியா இருக்க விடு.”

சாப்பிடக்கூட உட்காராமல் பூத்தைப் பின்னறை மேஜையில் வைத்து, குழாயை மாட்டி, ஜன்னல் பக்கம் இழுத்து விட்டார். ஃபேனைப் போட்டுவிட்டு அவளைக் கூப்பிட்டார். அவள் வந்து மேஜையோரம் நின்றுகொண்டாள். பாதியில் நின்றுபோயிருந்த பேருந்து ஒன்றை உள்ளே வைத்து, அதன் முதுகில் சிவப்பை அடிக்க ஆரம்பித்தார்.

கொஞ்ச நேரத்தில் பெயின்டில் கலந்திருந்த தின்னர் நெடி முகத்தில் அறைந்தது. கண் எரிந்தது, தொண்டை கரகரத்தது. இத்தனை அலைந்ததும் வீண்தானா என்று அவருக்கு அழுகையே வரும் போலிருந்தது. திட்டு வாங்கத் தயாராக மனைவியை நிமிர்ந்து பார்த்தார்.

“அப்பாடா” என்றாள் அவள். “துளி வாடை இல்ல. இதை அப்பவே வாங்கியிருக்கலாம்.”

அவர் கை நின்றது. மெதுவாக மேஜைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். குழாய் கழன்று தரையில் கிடந்தது. ஃபேன் தள்ளிய காற்று நேராக அவள் மேல்தான் அடித்துக்கொண்டிருந்தது. அவள் முந்தானை அதில் படபடத்தது.

“நிஜமாவே ஒண்ணும் வரலையா?”

“வந்தா சொல்ல மாட்டேனா?”

அவர் ஃபேனை அணைத்தார். குழாயை எடுத்து அவள் முன்னால் நீட்டினார். அவள் அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டாள். நேற்றுத் தீய்ந்த பால் அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

“எப்பலேர்ந்து?”

“போன வருஷம் எனக்கு அந்தக் காய்ச்சல் வந்துச்சே, அதுலேர்ந்து.”

“அப்புறம் எதுக்கு வாடை, தலைவலின்னு தினமும் என் உயிரை எடுத்தே?” என்று கேட்பதற்குள் அவருக்கு மறுபடியும் இருமல் வந்தது. அது நிற்கிறவரை அவள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள்.

“எனக்கு மூக்குதான் போச்சு. காது நல்லாத்தானே கேக்குது.”